தொலைபேசியில் வந்த வெளிச்சம்

அத்தியாயம் 14

புஷ்பலதாவின் நிச்சயதார்த்தத்தை அமெரிக்கத் தேர்தல் முடியும்வரை தள்ளிப்போடலாம் என்று அவள் அப்பா ராஜரத்தினம் சொன்னதும், அதைக் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா காளியம்மா ரங்கூன் பபேடான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்ததும் சென்ற வாரக் கதை.

“அங்க எவன் ஜெயிச்சா நமக்கென்ன சம்மந்தி? அவனா வந்து தாலி எடுத்துக் குடுக்கப் போறான்?”

ராஜரத்தினம் சிரிக்கவில்லை. அவர் கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. அமெரிக்காவில் பெரிய பாங்குகள் விழுந்ததாக ரேடியோ சொன்னதிலிருந்து துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் குறைந்துகொண்டே போயின. எதைக் கேட்டாலும் அவர் முதலாளி, “தேர்தல் முடியட்டும், பாக்கலாம்” என்றார். தீபாவளி போனஸுக்கு அதே பதில். ஆபீஸ் மின்விசிறி ரிப்பேருக்கும் அதே பதில். நாளடைவில் அது ராஜரத்தினத்தின் வாயிலும் ஒட்டிக்கொண்டது. மனைவி சாந்தி புது வாணலி கேட்டபோதுகூட அப்படித்தான் சொன்னார்.

“அமெரிக்காக்காரன் ஓட்டுப் போட்டாத்தான் என் வீட்டுல அப்பளம் பொரியுமா?” என்று சாந்தி பழைய வாணலியைத் தரையில் வைத்த சத்தம் முதல் மாடி உதுமான் பாய்க்கும் கேட்டது.

கடைசியில் காளியம்மாதான் ஜெயித்தாள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராகுகாலத்துக்கு முன் தட்டு மாற்றுவது என்று முடிவானது. மாப்பிள்ளை கார்த்திகேசன் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டர். லீவு கிடைக்காது. அதனால் பாதகமில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ரங்கூன் வீடுகளில் இப்போதெல்லாம் நாற்காலியில் போட்டோவை வைத்து, பக்கத்தில் தொலைபேசியை வைத்துத் தட்டு மாற்றிவிடுகிறார்கள். போட்டோவுக்கு மாலை மட்டும் போட்டுவிடக் கூடாது.

*

முதல் நாள் சாயங்காலம் புஷ்பலதா ஆங்கில வகுப்புக்குப் போயிருந்தாள்.

“நாளைக்கு நிச்சயத்த வச்சுக்கிட்டு இன்னிக்கு என்னடி வகுப்பு?” என்று அம்மா திட்டினாள். ஒரு வகுப்பை விட்டால் அடுத்தது புரியாமல் போய்விடும் என்பது புஷ்பலதாவின் பயம். எதையும் வரிசையாகச் செய்தால்தான் அவளுக்கு நிம்மதி. வரிசையாகச் செய்து முடித்த பிறகும், சரியாகத்தான் செய்தோமா என்ற சந்தேகம் மட்டும் போகாது.

வகுப்பில் அமெரிக்கத் தேர்தல் விவாதம். பாதிப் பேர் வயதான வேட்பாளர் பக்கம், பாதிப் பேர் இளைய வேட்பாளர் பக்கம். புஷ்பலதா இரண்டு பக்கத்துக்கும் குறிப்பு எழுதிக்கொண்டு போய், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

“மா புஷ்பா, ஓட்டுப் போடப் போறது நீ இல்ல. எங்கயாவது உக்காரு,” என்று பர்மிய ஆசிரியை சிரித்தார். எல்லோருக்கும் அவர் ‘சயாமா’, அதாவது டீச்சரம்மா; அவர்கள் வழக்கத்தில் பெண் பெயருக்கு முன் ‘மா’, ஆண் பெயருக்கு முன் ‘கோ’.

பிறகு சயாமா ஆட்குறைப்புக்கான ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். ஒருவன் இறால் கம்பெனியில் இருந்த தன் மாமாவைப் பற்றிச் சொன்னான். மலேசியாவிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்த அக்காவைப் பற்றி ஒருத்தி சொன்னாள். யாருக்கும் யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. புஷ்பலதாவின் முறை வந்தது. அவள் எழுந்து, ‘என் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் வேலை போகவில்லை’ என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

“ரொம்பச் சரி,” என்றார் சயாமா.

வீட்டுக்கு நடக்கும்போது அந்த ‘ரொம்பச் சரி’ அவளை உறுத்தியது. போன வாரம் கார்த்திகேசன் பேசியபோது ஏதோ ஒன்று மாறியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து வரும் குரல் எப்போதும் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். சாப்பிட்டீர்களா என்று இவள் கேட்பாள். பதில் வரவில்லையே என்று மறுபடி கேட்பாள். அதற்குள் அவன் பதில் வந்து இவள் கேள்வியின் மேல் மோதும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு அவன், இன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்பான். அவளிடம் அதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகவும் காத்திருக்கும் ஒரே ஆள் அவன்தான்.

போன வாரம் ஒரு தடவைகூடப் பேச்சு மோதவில்லை.

லைன் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். கல்யாணப் பெண்ணுக்கு வருகிற சந்தேகமா இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே கரன்ட் போய்விட்டது.

அவர்களுடைய மூன்றாம் மாடி வீட்டில் தொலைபேசி கிடையாது. குடும்பத்துக்கு வரும் அழைப்பெல்லாம் உதுமான் பாய் வீட்டுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது கூப்பிட, இங்கிருந்து யாராவது படியிறங்கி ஓட வேண்டும். இன்றைக்கு அது சரிப்படாது என்று பாய் நீள வயர் போட்டு, போனையே மேலே அனுப்பினார். காய்கறி ஏறும் பால்கனிக் கயிற்றில், கூடைக்குள் உட்கார்ந்து தொலைபேசி ஏறியது.

“மெதுவா இழு முரளி! ஸ்பீக்கர் போனு. துபாய்லேர்ந்து மச்சான் கொண்டாந்தது. கரன்ட் இல்லாட்டியும் பேசும்!” பாய் கீழேயிருந்து கத்தினார்.

“பயப்படாதீங்க பாய், கல்யாணப் பொண்ணு மாதிரி தூக்குறேன்!”

“எந்த ஊர்லடா பொண்ணக் கூடையில வச்சுக் கயித்துல தூக்குறாங்க?”

தெருவோரத் தேநீர்க் கடையில் குட்டை நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முரளிதரனும் சிரித்தான். புஷ்பலதாவின் தம்பி அவன். கால்வாய்க்கு அக்கரையில் தாகேதாவில், அமெரிக்காவுக்குச் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் துணி வெட்டும் பிரிவில் வேலை. போனோடு கூடத்துக்குள் வந்ததும் அவன் சிரிப்பு நின்றதைப் புஷ்பலதா கவனித்தாள்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா. கயிறு கைய அறுத்துடுச்சு.”

கூடத்தில் காளியம்மா பட்டுப்புடவையில் வியர்த்து விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சம்பந்தம் பேசி முடித்த நல்லையா. நாற்காலியில் கார்த்திகேசனின் போட்டோ.

“மாலைய மடியில வைங்க. கழுத்துல போடாதீங்க,” என்றார் நல்லையா.

“போட்டோவுக்கு ஏது பெரியவரே மடி?” என்றாள் சாந்தி.

“ஃப்ரேமுக்குக் கீழ வைம்மா. நல்ல நாளும் அதுவுமா கேள்வி கேட்டுக்கிட்டு.” பிறகு ராஜரத்தினம் பக்கம் திரும்பினார். “இளவயசுக்காரர்தான் வருவார்னு டீக்கடையில பந்தயமே கட்டியாச்சு, தெரியுமில்ல?”

“யாரு வேணா வரட்டும், கப்பல் வரணும்,” என்றார் ராஜரத்தினம். “எங்க நல்ல நேரம், மாப்பிள்ள சிங்கப்பூர்ல இருக்கார். வேலை இல்லாதவனாயிருந்தா, ராஜா மாதிரி இருந்தாலும் நான் இந்தத் தட்டத் தொட மாட்டேன். சொல்லிப்புட்டேன்.”

முரளி பால்கனிக்குப் போய், அங்கே இல்லாத எதையோ பார்த்துக்கொண்டு நின்றான்.

*

தொலைபேசி மணி அடித்தது. நல்லையா தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

“கார்த்திகேசா, கேக்குதா?”

“கேக்குது பெரியப்பா.”

உடனே வந்தது பதில். புஷ்பலதா சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

நல்லையா பூர்வீகத்தையும் பெயர்களையும் சொல்லி முடித்தார். இரண்டு பக்கத்துத் தட்டுகளும் நடுவில் வந்தன. வெற்றிலை, பாக்கு, பழம், பூ, தேங்காய். ராஜரத்தினமும் காளியம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு தட்டைத் தூக்கினார்கள்.

“புஷ்பலதாவக் கட்டிக்க ஒனக்குச் சம்மதம்தானே தம்பி? நாலு பேர் கேக்க வாய் விட்டுச் சொல்லு.”

“எனக்குப் பூரண சம்ம...”

“மீ லா ப்யீ!”

ரங்கூனில் வளர்ந்த யாருக்கும் அந்தக் கூச்சலை விளக்க வேண்டியதில்லை. போன கரன்ட் திரும்பி வந்த நொடியில் தெருவில் உள்ள குழந்தை குட்டி, கிழவன் கிழவி எல்லோரும் சேர்ந்து போடுவது. விளக்கு வந்துடுச்சு! விசிலும் கைதட்டலும் கூடவே வரும்.

சாந்தி பழக்கத்தில் எழுந்து ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். “அப்பாடா, வேகமா வை,” என்று காளியம்மா கழுத்தை நீட்டினாள். நல்லையா டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார்.

டியூப்லைட் எரியவில்லை. ஃபேன் சுற்றவில்லை. சாந்தி மறுபடி தட்டினாள். மேலே, கீழே, மேலே.

கீழே தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கூச்சல் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. தொலைபேசியிலிருந்து.

“சிங்கப்பூர்லயுமா கரன்ட் போகும்?” என்றார் நல்லையா.

ராஜரத்தினம் தட்டைக் கீழே வைத்தார். “தம்பி, நீ எங்கேருந்து பேசுறே?”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். அதற்குப் பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. நடத்துனர் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டு, “சூலே! சூலே! ஏறு, ஏறு!” என்று கத்துவது தெளிவாகக் கேட்டது. அந்த பஸ் போய்ச் சேரும் சூலே பகோடா இந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

“சம்மந்தி, தெரிஞ்சேதான் வந்தீங்களா?” ராஜரத்தினத்தின் குரல் தாழ்ந்திருந்தது.

“என் பிள்ள மேல சத்தியமா...” என்று ஆரம்பித்த காளியம்மா நிறுத்திக்கொண்டாள். சத்தியம் செய்ய வேண்டிய பிள்ளையின் போட்டோவைப் பார்த்தாள். பிறகு தொலைபேசியின் மேல் குனிந்தாள். “தாகேதாவா? சூலே பஸ்ஸும், வீதியில காசுக்குப் பேசுற போன் மேசையும் அங்கதானே? சொல்லுடா! ஒரு கால்வாயத் தாண்டி அம்மாகிட்ட வர ஒனக்குப் பாலம் இல்லாமப் போச்சா?”

“அம்மா...”

“சாந்தி, தட்ட எடுத்து உள்ள வை,” என்றார் ராஜரத்தினம்.

புஷ்பலதா எழுந்தாள். மணப்பெண் இந்த நேரத்தில் எழலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்த பிறகு உட்காரவும் தெரியவில்லை. தொலைபேசி அருகே போய் மண்டியிட்டாள்.

“அந்த பஸ்லயே ஏறுங்க,” என்றாள்.

“புஷ்பா, நான் சொல்றதக் கொஞ்சம்...”

“இங்க வந்து சொல்லுங்க. பஸ் போயிடும்.”

பொத்தானை அவளே அணைத்தாள். அம்மா தூக்கிய தட்டை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

“தட்டு இங்கேயே இருக்கட்டும்ப்பா. அவர் வந்ததும் நீங்க கேளுங்க. அப்பறம் எடுக்கறதா இருந்தா எடுங்க.” தட்டை வைத்ததில் ஒரு பாக்கு உருண்டு போட்டோவின் காலடியில் போய் நின்றது.

*

காத்திருந்த நேரத்தில் முரளி இரண்டு தடவை, “போனை பாய்கிட்ட எறக்கிடட்டுமா?” என்று கேட்டான்.

“இருக்கட்டும். அது என்ன ஒன்னக் கடிக்குதா?” என்றார் அப்பா.

பால்கனிக் கயிற்றில் கட்டிய மணி குலுங்கியது. கீழே யாரோ இழுத்தார்கள். படியேறி வந்தவனைப் பார்த்ததும் காளியம்மா அறைவதற்குக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் சட்டைக் காலரில் போய் நின்றது.

“யாருடா தொவைச்சது இத? இவ்ளோ அழுக்கு,” என்று மட்டும் சொல்லி உடைந்து உட்கார்ந்தாள்.

“எப்ப வந்தே?” என்றார் ராஜரத்தினம்.

“புரட்டாசிக் கடைசியில மாமா. கப்பல் கட்டச் சொன்ன கம்பெனியே விழுந்துடுச்சாம். பாதி ஆள வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“அப்பறம் எதுக்கு இந்த நாடகம்?”

“வேற வேலை தேடிக்கிட்டுச் சொல்லிடலாம்னு பாத்தேன். எங்க போனாலும் தேர்தல் முடியட்டும்ங்கறான்.”

ராஜரத்தினம் பேச்சை மாற்றினார். “எங்க தங்கியிருந்தே?”

கார்த்திகேசனின் கண் முரளியிடம் போய்விட்டு வந்தது.

“நீயாடா?” என்றார் ராஜரத்தினம். “வேலைக்குப் போறேன்னுட்டு இவனுக்கா சோறு சுமந்தே?”

“அவனக் கோச்சுக்காதீங்க மாமா. ஃபேக்டரி மூடினதுலேருந்து அவனும் பாவம்...”

சொன்ன பிறகுதான் ரகசியத்தை உடைத்துவிட்டது கார்த்திகேசனுக்குப் புரிந்தது. முரளி கண்ணை மூடிக்கொண்டான்.

சாந்தி மெல்லத் திரும்பி, சமையலறை ஆணியில் தொங்கிய மூன்றடுக்குச் சோற்றுத் தூக்கைப் பார்த்தாள். தினமும் விடியுமுன் எழுந்து அவள் நிரப்பும் தூக்கு.

“ஓவர்டைம் இருக்கு, ரெண்டு கரண்டி கூட வைன்னியேடா,” என்றாள்.

அப்போதுதான் பபேடானுக்குக் கரன்ட் வந்தது. தெரு முழுக்க ஒரே கூச்சல். மீ லா ப்யீ! தலைக்கு மேல் ஃபேன் பெரும் சத்தத்தோடு சுற்றியது. டியூப்லைட் இரண்டு தரம் கண் சிமிட்டி எரிந்தது. கூடத்தில் எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிந்தது.

சயாமா ‘ரொம்பச் சரி’ என்று சொன்ன வாக்கியம் புஷ்பலதாவுக்கு நினைவு வந்தது.

“ராகுகாலம் நெருங்குது,” என்றார் நல்லையா தயங்கித் தயங்கி. “மாத்துறீங்களா, இல்லையா?”

ராஜரத்தினம் தட்டைத் தொடவில்லை. அதை எடுத்து உள்ளே வைக்கவும் சொல்லவில்லை. தன் வீட்டிலும் அதே பொய் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரிந்த பிறகு, அவர் மகளைப் பார்த்தார்.

புஷ்பலதா கார்த்திகேசனிடம் பேசினாள்.

“என் வகுப்புல நடந்ததெல்லாம் கேப்பீங்க. உங்களுக்கு நடந்தத மட்டும் சொல்லல. வேலை போனா நான் எழுந்து போயிடுவேன்னு நினைச்சீங்க, இல்ல?”

“உங்கப்பா விட மாட்டார்னு நினைச்சேன்.”

“நான் உங்களப் பத்திக் கேட்டேன்.”

அவன் தலை குனிந்தான். அவள் இரண்டு தட்டுகளையும் எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“இன்னிக்கு மாத்த வேண்டாம். திருப்பவும் வேண்டாம். தேர்தல் முடியட்டும்.”

“அது வரைக்கும் பூ வாடிடுமே தாயி,” என்றார் நல்லையா.

“வேற பூ வாங்கிக்கலாம் பெரியவரே.” அவள் கார்த்திகேசன் பக்கம் திரும்பினாள். “அதுவரைக்கும் தினம் வாங்க. போன் வேண்டாம். அன்னிக்கு என்ன நடந்ததோ அத என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க. வேலை கிடைக்கலைன்னா கிடைக்கலைன்னு சொல்லுங்க. முடியுமா?”

“முடியும்,” என்றான் அவன். அப்படிச் சொல்லிவிட்டு ஏனோ முரளியைப் பார்த்தான்.

தான் செய்தது சரியா, மணப்பெண் பேசக்கூடிய பேச்சா இது என்று புஷ்பலதா யோசிக்கத் தொடங்கியபோது தொலைபேசி அடித்தது.

முரளி பாய்ந்தான். ஆனால் பக்கத்தில் நின்றது சாந்தி. “உதுமான் பாய்க்கு யாரோ போன் பண்றாங்க போல,” என்று, நல்லையா செய்ததைப் பார்த்திருந்தபடியே அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

ஒரு பெண்ணின் குரல் கூடம் முழுக்கப் பர்மிய மொழியில் பேசியது.

“கோ முரளியா? வியாழக்கிழமை வண்டி உறுதியாயிடுச்சு. ராத்திரியில எல்லையத் தாண்ட வச்சு, அந்தப் பக்கம் வேலையில சேத்துடுவோம். உங்களுக்கும் அந்த சிங்கப்பூர் வெல்டருக்கும் இடம் போட்டாச்சு. ரெண்டு பேரும் வீட்டுல இன்னும் சொல்லலையே?”

அந்த வீட்டில் பர்மிய மொழி புரியாதவர் யாரும் இல்லை.

காளியம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராஜரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டார். புஷ்பலதா மட்டும் நின்ற இடத்திலிருந்து அசையாமல் கார்த்திகேசனின் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னிக்கே ஆரம்பிங்க,” என்றாள்.